பறிகொடுத்தலும் ஒப்புக்கொடுத்தலும்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோர்ண்டன் ஹீத்தில் ஆங்கிலேயர்களின் ஆலய மண்டபம் ஒன்றை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கிறது. அன்றைய பிரசங்கம் தன்னைத் தான் வெறுத்துச் சிலுவையைச் சுமப்பது பற்றியது. ஆராதனை முடிந்து, கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டு, றோல்சும் தேத்தண்ணியுமாக நின்ற நேரத்தில் எங்கள் மகள் கேட்டாள்: "அப்பா, ஊர், வீடு, படிப்புக்கேற்ற வேலை எல்லாம் போச்சுது எண்டு நீங்கள்தானே எப்பவும் சொல்லுறனீங்கள். இனி வெறுக்கிறதுக்கு என்ன மிச்சம் கிடக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துச் சமாளித்தோம். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

சில மாதங்களாக அதை யோசித்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் போதகர்கள் அல்ல. ஊரில் வணிகமாணிப் பட்டம் பெற்று, அகதிகளாக வந்து, இங்கே சிறு கடைக்காரரின் கணக்குகளை எழுதிப் பிழைப்பவர்கள். ஆகவே இதில் இறையியலைவிடக் கணக்கு வாசனை கூடுதலாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சைவ வாசகர்களும் இதைத் தாண்டிப் போகத் தேவையில்லை. 'யான்', 'எனது' என்ற இரண்டையும் விடுவது பற்றித் திருக்குறளின் துறவு அதிகாரம் பேசுகிறது. அந்த வாசலால் வருபவர்களுக்கும் இந்த வீடு அந்நியமாக இராது.

சொல்லுக்கு என்ன பொருள்?

தன்னைப் பின்பற்ற விரும்புகிறவன் என்ன செய்யவேண்டும் என்று இயேசு கூறியதை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருமே எழுதியிருக்கிறார்கள். மூன்று காரியங்கள்: தன்னை மறுக்கவேண்டும், தன் சிலுவையை எடுக்கவேண்டும், அவர் பின்னே போகவேண்டும். லூக்கா 9:23இல் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அது 'அனுதினமும்'. அந்த ஒரு சொல்லால், வாழ்க்கையில் ஒருமுறை செய்யும் வீரச் செயலாக நினைக்கக்கூடிய ஒன்று பல் துலக்குவதுபோல ஒவ்வொரு நாளும் செய்யும் வேலையாகிவிடுகிறது.

அடுத்தது 'வெறுத்து' என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறையில் பலர் இதைச் சுயவெறுப்பு என்றே விளங்கிக்கொண்டார்கள். நாம் ஒன்றுக்கும் உதவாதவர்கள், நமக்கு ஆசை இருக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அதே இடத்தில் தன்னலத்தைத் துறப்பது என்று எழுதுகிறது. மூலக் கிரேக்கச் சொல் 'அபார்னெயோமாய்'. அதற்கு நேரான பொருள், 'இவரை எனக்குத் தெரியாது' என்று மறுதலிப்பது. சேவல் கூவுமுன் பேதுரு தன் ஆண்டவரை மூன்று தரம் மறுதலிப்பார் என்று சொல்லப்படும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது.

இதைத் தெரிந்துகொண்டபோது எங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. பேதுரு அன்று இயேசுவை வெறுக்கவில்லை. பயத்தில், 'இவருக்கு என்மேல் உரிமை இல்லை' என்று சொன்னார். அவ்வளவுதான். தன்னை மறுதலிப்பது என்றால் அதைத் திருப்பிச் செய்வது. 'நான் நினைத்ததுதான் நடக்கவேண்டும்' என்று உள்ளே இருந்து சத்தம் போடுகிறவரைப் பார்த்து, 'உனக்கு இந்த வீட்டில் கடைசிச் சொல் இல்லை' என்று சொல்வது. உடலையோ அறிவையோ திறமையையோ வெறுக்கச் சொன்ன இடம் அதில் இல்லை.

கணக்குப் படித்தவர்களுக்கு இதில் பழகிய பாடம் ஒன்று உண்டு. முதலாம் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: உரிமையாளர் வேறு, வணிகம் வேறு. கடைக் காசில் உரிமையாளர் தன் வீட்டுக்கு எடுத்தால் அதை 'எடுப்பனவு' என்று பதியவேண்டும். கல்லா அவர் கைக்கெட்டிய இடத்தில் இருக்கிறது என்பதற்காகக் கடையும் அவர் சட்டைப்பையும் ஒன்றாகிவிடாது. விசுவாசியின் வாழ்க்கையும் அப்படித்தான். கடையை நடத்துகிறோம், உழைக்கிறோம், திறமையாகவே செய்கிறோம். ஆனால் உரிமையாளர் நாமல்ல. அதை ஒவ்வொரு காலையும் கடை திறக்கும்போது நினைவுபடுத்திக்கொள்வதுதான் 'அனுதினமும்'.

சிலுவை என்ற சொல்லையும் நாம் மலிவாக்கிவிட்டோம். முழங்கால் நோவு, கரைச்சல் தரும் மைத்துனர், நேரத்துக்கு வராத 109ஆம் இலக்க பஸ் எல்லாவற்றையும் 'என் சிலுவை' என்கிறோம். உரோமர் காலத்தில் தெருவில் ஒருவர் மரத்தைச் சுமந்து போனால், அவர் தண்டனை பெற்றவர், திரும்பி வரப்போவதில்லை என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு அதன்பின் சொந்தத் திட்டம் என்று ஒன்றும் கிடையாது. அந்தப் படத்தைத்தான் இயேசு காட்டினார்.

சரணடைதல் என்ற சொல் எங்களுக்குச் சுடும்

இனி மகளின் கேள்விக்கு வருவோம். எல்லாம் இழந்தவர்களுக்குத் தன்னை மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பறிகொடுத்தல் ஒன்று, ஒப்புக்கொடுத்தல் இன்னொன்று. ஊரை நாம் ஒப்புக்கொடுக்கவில்லை. அது நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது. எரிந்த வீட்டை, கைவிட்ட காணியை, காணாமல் போன பிள்ளையை 'ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டோம்' என்று யாராவது நம் வாயால் சொல்லவைத்தால் அது பொய். திருடன் எடுத்ததை நன்கொடை என்று பதிகிற கணக்காளரை எந்தத் தணிக்கையாளரும் விடமாட்டார்.

இந்த நாட்டில் பிரசங்கத்தில் 'சரணடையுங்கள்' என்ற சொல் வரும்போது முகம் மாறுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நம் மக்களின் காதில் அது 2009 மே மாதத்தின் சொல். அந்த மாதம் 18ஆம் திகதி வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அருட்தந்தை பிரான்சிஸ் யோசேப்பும் இருந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். சரணடைந்தவர்களுடன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு அவரையோ அவரோடு போனவர்களையோ பற்றி இன்றுவரை பொறுப்பான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் அந்தப் பதிலுக்காகத்தான்.

அந்த ஒரு நாளுக்குள் இரண்டு விதமான சரணடைதல் இருந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். துப்பாக்கிக்கு முன்னால் கையைத் தூக்குவது ஒன்று. அதில் தெரிவு இல்லை. அந்த முதிய குருவானவர் மக்களை விட்டு விலகாமல் கடைசிவரை அவர்களோடு நின்றது மற்றது. அது அவர் தெரிந்து செய்தது. வெளியில் இருந்து பார்க்க இரண்டும் ஒரே வரிசையில் நின்றதுபோலத்தான் தெரியும்.

கெத்சமனே தோட்டத்தையும் இதோடு சேர்த்து வாசிக்கவேண்டும். இயேசு எடுத்த எடுப்பில் தன்னை ஒப்புக்கொடுக்கவில்லை. அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கவேண்டும் என்று முதலில் கேட்டார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பக் கேட்டார். வியர்த்து, துக்கப்பட்டு, நண்பர்களைத் துணைக்கு அழைத்து, அவர்கள் நித்திரை கொள்வதைக் கண்டு மனம் நொந்து, அதற்குப் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு இணங்கினார். ஆகவே ஒப்புக்கொடுத்தல் வாயை மூடிக்கொள்வது என்று யாரும் நமக்குப் படிப்பிக்க முடியாது. நீதி கேட்கும் தாய் விசுவாசக் குறைவு உள்ளவள் அல்ல. அவள் தோட்டத்தில் இயேசு செய்ததன் முதல் பாதியைச் செய்துகொண்டிருக்கிறாள்.

முன்னோர் எப்படிச் செய்தார்கள்?

அன்றாடத் தன்மறுப்பு என்பது கேட்க அழகாக இருக்கும், செய்வது எப்படி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் இதற்குச் சரித்திரம் இருக்கிறது. நமது மண்ணிலும் இருக்கிறது, நாம் இன்று வாழும் இந்த நகரத்திலும் இருக்கிறது.

1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசே வாஸ் அடிகள் கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த காலம் அது. அவர் கூலியாள் கோலத்தில் வந்து இறங்கினார். சாதி உயர்வையே சட்டைபோல உடுத்தியிருந்த ஒரு சமுதாயத்தில் அந்தச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுத் தெருவில் பிச்சைக்காரரைப்போலத் திரிவது சின்னக் காரியம் அல்ல. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நம்மில் பலர் திருமணப் பேச்சு என்று வந்தவுடன் அதே சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து அப்பம் உண்டவர்கள் சம்பந்தம் பேசும்போது 'எந்தப் பகுதி' என்று விசாரிக்கிறார்கள். தன்னை மறுப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு பதில். ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தோம், இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தோம்.

1926இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர், மறைபரப்பு நாடுகளிலும் தியான வாழ்வுத் துறவு மடங்கள் உருவாகவேண்டும் என்று எழுதினார். இரண்டு வருடங்களில், 1928இல், யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அடிகள் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், இடையறாத செபமாலை, மரக்கறி உணவு, கையால் செய்யும் வேலை என்பவையே அவர்களின் நாளாந்த வாழ்வு. தோலகட்டி நெல்லி இரசமும் முந்திரிகை இரசமும் நம்மில் பலருக்குத் தெரியும். ஊரிலிருந்து வருபவர்களிடம் இன்றும் போத்தல் சொல்லிவிடுகிறோம். அந்தப் போத்தலுக்குப் பின்னால், பேசாமல் ஒரே வேலையை ஒவ்வொரு நாளும் செய்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது மறந்துபோகிறது.

சீர்திருத்த சபையாரிடமும் இது இருந்தது. 1921இல் தமிழ்நாட்டின் திருப்பத்தூரில் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆச்சிரமத்தை ஆரம்பித்தார்கள். ஒருவர் தமிழரான யேசுதாசன். மற்றவர் ஸ்கொட்லாந்தின் செல்வந்தக் கம்பளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த பேற்றன். ஆச்சிரமத்தில் தமிழருக்குப் 'பெரியண்ணன்', வெள்ளைக்காரருக்குச் 'சின்னண்ணன்' என்று பெயர். வெள்ளைக்காரர் ஆண்ட நாட்டில், வெள்ளைக்காரர் 'சின்ன' என்ற சொல்லை ஒவ்வொரு நாளும் தன் பெயரோடு ஏற்று வாழ்ந்தார். யாழ்ப்பாணத்தில் 1939இல் சேவக் செல்வரத்தினம் மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தை ஆரம்பித்தார். சுன்னாகம் பக்கத்து வாசகர்கள் அந்த வளவைக் கடந்து போயிருப்பார்கள்.

லண்டனுக்கு வருவோம். 1755 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஜோன் வெஸ்லி சுமார் 1,800 பேருடன் உடன்படிக்கை ஆராதனை ஒன்றை நடத்தினார். 'என் காரியங்கள் இனி என் கையில் இல்லை, வேலை தந்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி' என்ற கருத்தில் விசுவாசிகள் தங்களை ஒப்புக்கொடுக்கும் ஆராதனை அது. மெதடிஸ்தர்கள் இன்றும் வருடத் தொடக்கத்தில் இதை நடத்துகிறார்கள். 1814இலேயே மெதடிஸ்த மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்துவிட்டதால் நம்மில் பலர் சிறு வயதிலேயே இதைச் சொல்லி வளர்ந்தவர்கள். நம்மில் அனேகருக்குத் தெரியாதது, அந்த முதல் ஆராதனை நடந்த இடம். அது ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஆலயம். பிரான்சில் மதத்துக்காகத் துரத்தப்பட்டு லண்டனுக்கு ஓடிவந்த அகதிகள் கட்டிய ஆலயம். எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களின் கூரையின் கீழேதான் ஒப்புக்கொடுத்தலின் அந்த ஆராதனை தொடங்கியது.

1886இல் இரட்சணிய சேனையில் ஜோன் கார்ல்டன் என்பவர் வேறு விதமாக யோசித்தார். சாப்பாட்டுக்குப் பின் உண்ணும் புடிங்கை ஒரு வருடத்துக்கு விட்டால் 50 ஷில்லிங் மிச்சமாகும், அதைத் தருகிறேன் என்றார். சேனையின் தலைவர் வில்லியம் பூத் அதைக் கேட்டு, வருடம் முழுவதும் வேண்டாம், எல்லோரும் ஒரு வாரம் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்போம் என்றார். அப்படித்தான் தன்மறுப்பு வாரம் பிறந்தது. கணக்காளர்களாகிய எங்களுக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம்.

பிடியரிசி

இவற்றையெல்லாம் விட எங்கள் மனதுக்கு நெருங்கியது, எங்கள் அம்மாமார் செய்த பிடியரிசிதான். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து மூலையில் இருக்கும் தனி முட்டியில் போடுவார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்கோ, ஊழியத்துக்கோ, இல்லாத வீட்டுக்கோ போகும். சைவ வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் இது இருந்தது. வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மாநிலத்தில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் சபைகளின் ஊழியத்துக்குப் பெரும் பணத்தைத் திரட்டிக் கொடுக்கிறது.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, பிடியரிசி சமைக்குமுன் எடுப்பது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கு வேறு பெயர். இரண்டாவது, அது ஒரு பிடிதான். அதனால் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் செய்ததால்தான் அது மூட்டையானது. மூன்றாவது, முட்டிக்குள் போன அரிசியில் யாருடைய பிடி எது என்று தெரியாது. அம்மா இன்று எத்தனை பிடி போட்டேன் என்று எழுதிவைத்ததை நாங்கள் ஒருநாளும் காணவில்லை.

மூன்றாவது பாடத்தில்தான் எங்கள் வீடு தடுக்கி விழுந்தது.

நாங்கள் வைத்திருந்த பேரேடு

வெளியில் சொல்ல வெட்கமான கதை. ஆனால் இதே கதை இன்னும் பல வீடுகளில் நடப்பதால் எழுதுகிறோம்.

வந்த புதிதில் குரொய்டன் லூணர் ஹவுஸ் வாசலில் விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்றோம். பிறகு பல வருடம் இரவு வேலை, பெற்றோல் ஸ்ரேசனில். பட்டம் பெட்டிக்குள் இருந்தது. அதையெல்லாம் பிள்ளைகளுக்காகச் செய்தோம். அது உண்மை. அதைத் தியாகம் என்று மற்றவர்கள் சொன்னபோது மறுக்கவில்லை.

எங்கள் மகன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தான். அன்றிரவு நாங்கள் கேட்டோம்: "இதுக்கோடா நாங்கள் இரவிரவாகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள குளிருக்க நிண்டனாங்கள்?" அவன் சத்தம் போடவில்லை. "நான் கேக்கேல்லையே அப்பா" என்றான். அடுத்த மாதம் வீட்டை விட்டு நண்பர்களோடு குடியேறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றது.

நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்று விளங்க நாளெடுத்தது. அந்த இரவுகளை நாங்கள் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. கடன் கொடுத்திருந்தோம். மனதுக்குள் ஒரு பேரேடு வைத்து ஒவ்வொரு இரவையும் அவன் பெயரில் 'வருமதி' என்று பதிந்துகொண்டே வந்தோம். அவன் நல்ல பட்டம் எடுத்து, நல்ல வேலைக்குப் போய், நல்ல இடத்தில் கலியாணம் செய்யும்போது வட்டியோடு அறவாகும் என்று நினைத்தோம். கடன் வாங்கியது அவனுக்கே தெரியாது.

தன்னை மறுத்தவர் என்ற பெயரோடு, நாங்கள் நினைத்ததுதான் நடக்கவேண்டும் என்ற பிடிவாதத்தை வளர்த்திருக்கிறோம். சாப்பாட்டை மறுத்தோம், நித்திரையை மறுத்தோம், புதுச் சட்டையை மறுத்தோம். 'நான்' என்பவரை மட்டும் மறுக்கவே இல்லை. அவர் எங்கள் தியாகத்தைத் தின்று கொழுத்திருந்தார். மகளின் கேள்விக்கு இதுதான் முழுப் பதில். பறிகொடுத்தவர்களிடமும் ஒன்று மிச்சம் இருக்கும். பறிகொடுத்ததற்கு ஈடு கேட்கும் உரிமையாளர் உள்ளே இருப்பார். ஈடு கேட்கவேண்டியது பறித்தவர்களிடம். நாங்கள் பிள்ளையிடம் கேட்டோம்.

கணக்கியலில் வராது என்று தெரிந்த கடனை 'அறவிட முடியாக் கடன்' என்று பதிவழிப்போம். இது அதுவும் அல்ல. அந்தக் கடன் தொடக்கத்திலேயே பிழையான பதிவு. பிழையான பதிவைத் திருத்தத்தான் வேண்டும். நாங்கள் இருவருமாக மகன் இருக்கும் இடத்துக்குப் போனோம். "நீ எங்களுக்கு ஒண்டும் தரத் தேவையில்லை. நாங்கள் அப்பிடிக் கதைச்சது பிழை" என்று சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டான். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறான்.

ஆனால் அடுத்த நாள் காலை எழும்பியபோது அந்தப் பேரேடு திரும்பவும் திறந்துகிடந்தது. யாரோ ஒருவரின் மகன் வங்கியில் பதவி உயர்வு பெற்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்தது, மனம் உடனே கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் லூக்காவின் அந்த ஒரு சொல் விளங்கியது. அனுதினமும் என்று ஏன் சொன்னார் என்றால், நேற்று மறுத்தவர் இன்று காலை திரும்பி வந்து நிற்பார்.

யாருக்கு இதைச் சொல்லக்கூடாது?

ஒரு எச்சரிக்கை அவசியம். தன்மறுப்பு நாம் நமக்குச் சொல்லவேண்டியது. மற்றவரிடம் அதைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை. நம் சமூகத்தில் இந்தப் போதனையை அதிகம் கேட்பவர்கள், ஏற்கெனவே வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுத்த பெண்கள். அடிக்கும் கணவனோடு இருப்பதைச் 'சிலுவை' என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வது மகா பிழை. இயேசு சிலுவையைத் தானே எடுத்தார். இன்னொருவரின் கோபத்தையும் குடியையும் ஒரு மனைவியின் தோளில் ஏற்றிவைப்பதற்கு அந்தப் பெயரைப் பாவிக்க முடியாது. அவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப்போவதுதான் சபையின் கடமை. ஆபத்து என்றால் 999. பேசவேண்டும் என்றால் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி இலக்கம் 0808 2000 247, இலவசம், 24 மணித்தியாலமும்.

அதேபோல, போர் தந்த மனக்காயத்தால் தன்னையே ஒன்றுக்கும் உதவாதவர் என்று நினைத்து ஒடுங்கிக் கிடப்பவருக்கு 'உன்னை வெறு' என்று சொல்லக்கூடாது. அவர் முதலில் தான் நேசிக்கப்படுகிறவர் என்று கேட்கவேண்டும். கையில் இருப்பதைத்தான் ஒருவர் ஒப்புக்கொடுக்க முடியும்.

அன்றாடம் எங்கே தொடங்குவது?

பெரிய நோன்புகள் எங்களுக்குச் சரிவரவில்லை. சின்னதாகச் சில பழக்கங்களை வைத்திருக்கிறோம். உதவியாக இருக்கலாம் என்று சொல்கிறோம்.

காலையில் ரெலிபோனைத் தொடுமுன் இரண்டு நிமிடம் இருந்து, 'இன்றைய நாள் உம்முடையது' என்று சொல்கிறோம். இது எங்கள் பிடியரிசி. பின்னேரம் மிஞ்சிய நேரத்தில் செய்யப் பார்த்தோம், மிஞ்சவில்லை.

ஊருக்கும் ஆலயத்துக்கும் காசு அனுப்பும்போது பெயர் போடவேண்டாம் என்று சொல்லப் பழகுகிறோம். உபயகாரர் பட்டியலில் நம் பெயரின் எழுத்து சிறிதாக இருந்தது என்று கோபித்த நாட்கள் எங்களுக்கும் உண்டு. ஆலய நிர்வாகக் கூட்டத்தில் நாங்கள் சொன்ன யோசனை தோற்றால், வென்ற யோசனைக்குக் கதிரை அடுக்கிக் கொடுக்கிறோம். சொன்னால் சிரிப்பீர்கள், இரவு வேலையைவிட இது கடினம்.

பழைய கோபம் ஒன்றை விடுவதா, நியாயம் கேட்பதா என்று தெரியாதபோது ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறோம்: இது வேறொருவருக்காகக் கேட்கும் நியாயமா, எங்கள் மரியாதைக்காகக் கேட்கும் வட்டியா? முதலாவது என்றால் பிடித்து நிற்கவேண்டும். இரண்டாவது என்றால் அன்றைக்கு மட்டுமாவது விடவேண்டும். நாளைக்கு நாளை பார்க்கலாம்.

பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லாமல் இருப்பது எல்லாவற்றிலும் கடினம். நாக்கு நுனிக்கு வரும். அப்போது வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்து, "பேரேடு" என்று ஒரு சொல் சொல்வோம். அதோடு பேச்சு மாறிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனும் ஆராதனைக்கு வந்திருந்தான். முடிந்ததும் பாடசாலையில் ஒரு பிள்ளை முதல் தடவையாகத் தன் சப்பாத்துக் கயிற்றைத் தானே கட்டிய கதையைத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று அரை மணித்தியாலம் சொன்னான். அந்தப் பிள்ளைக்கு அதைப் பழக்க ஐந்து மாதம் எடுத்ததாம், ஒவ்வொரு நாளும். எங்கள் மகள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கதிரைகளை அடுக்கப் போனோம்.